போவா குட்டி தின்ற எலியைக் கக்கிவிட்டது, எங்கே தவறு?

சுருள்வால்:

வணக்கம். இது என் முதல் பாம்பு. போவா இம்பரேட்டர், நான்கு மாதக் குட்டி, நீளம் ஏறத்தாழ 55 செ.மீ., எடை 92 கிராம். வீட்டுக்கு வந்து இன்றோடு 9 நாள். 3-ஆம் நாள் இரவு 20 கிராம் சுண்டெலி ஒன்று கொடுத்தேன் (உறைந்ததை உருக்கியது). உடனே பிடித்து விழுங்கிவிட்டது. 5-ஆம் நாள் காலையில் பார்த்தால் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பாதி செரித்த எலி கிடக்கிறது, குடலைப் பிடுங்கும் நாற்றம். அதன் பிறகு ஒன்றும் கொடுக்கவில்லை. பாம்பு சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது, நாக்கை நீட்டுகிறது, இரவில் சுற்றி வருகிறது.

அமைப்பு: 90×45×45 செ.மீ. கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை மூடி. ஒரு பக்கத்தில் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் முள் வெப்பமானி 29 டிகிரி காட்டுகிறது, பக்கத்தில் உள்ள ஈரப்பத முள் 40-இல் நிற்கிறது. தரையில் செய்தித்தாள். சூடான பக்கம் ஒரு ஒளிவிடம் (பாம்பு ஒளிந்துகொள்ளும் இடம்), நடுவில் தண்ணீர். தினமும் மாலை கால் மணி நேரம் கையில் எடுத்துப் பழக்குகிறேன்.

அடுத்த தீனி எப்போது கொடுக்கலாம்? குட்டிக்குத் தொட்டி பெரிதாகிவிட்டதா? வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

ஈரப்பாசி:

இப்போதைக்கு எதுவும் கொடுக்காதீர்கள். கக்கிய நாளிலிருந்து முழுதாக 14 நாள் வயிறு காலியாக இருக்கட்டும். பாவம், பசிக்குமே என்று மனசு கேட்காதுதான். ஆனால் போவா குட்டி மூன்று வாரம் பட்டினி கிடப்பதால் சாகாது, அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை கக்கினால் செத்துப்போகும். கக்கும்போது இரையோடு வயிற்று அமிலமும் மேலே வந்து தொண்டைக்குழலைப் புண்ணாக்குகிறது. உடம்பு நீர் போகிறது, செரிமானத்துக்கு உதவும் குடல் நுண்ணுயிர்களும் போகின்றன. அது ஆறும் முன் அடுத்த எலி உள்ளே போனால் அதுவும் வெளியே வரும், இந்த முறை இன்னும் மோசமாக.

உங்கள் கணக்கைப் பாருங்கள். 92 கிராம் பாம்புக்கு 20 கிராம் எலி என்றால் உடல் எடையில் 22 விழுக்காடு. குட்டிக்கு 10 விழுக்காடே போதும், அதாவது 9 கிராம். எடைத் தராசு இல்லாதவர்களுக்கு ஒரு கண்ணளவு: இரையின் தடிமன் பாம்பின் நடு உடம்பைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும், விழுங்கி முடித்தபின் லேசான புடைப்பு மட்டும் தெரிய வேண்டும். மலைப்பாம்பு வளர்ப்பவர்கள் சொல்லும் அளவைப் போவாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். போவாவின் செரிமானம் அதைவிட மெதுவானது, கக்குவதும் அதற்கு எளிது.

இதோடு புது இடத்துக்கு வந்த 3-ஆம் நாளே தீனி, விழுங்கிய மறுநாளும் கையில் எடுத்தது, தரைச் சூடு எவ்வளவு என்றே தெரியாதது. நான்கும் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன. எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை, நான்கையும் சரிசெய்யுங்கள்.

14 நாள் கழித்து முதல் தீனி 4 முதல் 5 கிராம், அதாவது ரோமம் அரும்பத் தொடங்கிய சுண்டெலிக் குஞ்சு ஒன்று. அது தங்கினால் 14 நாள் கழித்து 6 கிராம். அதுவும் தங்கினால் இன்னொரு 14 நாள் கழித்து 8, 9 என்று வழக்கமான அளவுக்கு வரலாம். இடையில் நல்ல தண்ணீர் தினமும் மாற்றுங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். கக்கியதையும் புதிய மலத்தையும் தனித்தனி மூடிய டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளைப் பரிசோதித்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

முப்பத்திரண்டு டிகிரி:

அந்த முள் வெப்பமானியை முதலில் பிய்த்துப் போடுங்கள். அது காட்டுவது கண்ணாடிச் சுவரின் சூடு. பாம்பு படுத்திருப்பது தரையில். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் 45 டிகிரியைத் தாண்டிப் போகக்கூடியது. சூடு தாங்காவிட்டால் பாம்பு நகர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஒளிவிடம் சூடான பக்கம் மட்டும் இருந்தால், பாதுகாப்புக்காக வயிறு வெந்தாலும் அங்கேயே கிடக்கும். அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி ஒன்று வாங்கி, ஒளிவிடத்தைத் தூக்கிவிட்டு அதன் அடித்தரையை அளந்து எழுதுங்கள்.

வேண்டிய அளவுகள்: சூடான பக்கத் தரை 31 முதல் 33, அந்தப் பக்கக் காற்று 29 முதல் 30, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவில் 24-க்குக் கீழே போகக் கூடாது. இதற்குக் கீழே இருந்தால் இரை செரிக்கும் வேகத்தைவிட அழுகும் வேகம் அதிகமாகிவிடும், அப்புறம் பாம்புக்குக் கக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

தெர்மோஸ்டாட்டின் உணரியை எங்கே வைப்பது என்பதில்தான் தவறு நடக்கும். தொட்டிக்குள் சும்மா போட்டால் பாம்பு அதைக் குளிர்ந்த பக்கம் தள்ளிவிடும். உடனே கருவி "இன்னும் சூடேறவில்லை" என்று நினைத்து மேட்டை முழு வேகத்தில் ஓட்டும். கிண்ணத்துத் தண்ணீர் சிந்தி நனைந்தாலும் இதே கதிதான். அதனால் உணரியை வெளியே, மேட்டுக்கும் தொட்டியின் அடிக் கண்ணாடிக்கும் நடுவில், மேட்டின் மையத்தில் வைத்து வெப்பம் தாங்கும் நாடாவால் ஒட்டுங்கள். கண்ணாடி கொஞ்சம் சூட்டை விழுங்கும். ஆகவே கருவியில் 34 வைத்துத் தொடங்கி, உள்தரை 32 காட்டும்வரை ஒவ்வொரு டிகிரியாக மாற்றுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு மணி நேரம் விட்டு அளங்கள். மேட் தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடக் கூடாது. தொட்டியின் நான்கு மூலையிலும் சிறு ரப்பர் கால் வைத்து அடியில் காற்றோட்டம் விடுங்கள்.

மேட் தரையைச் சூடாக்குமே தவிர காற்றைச் சூடாக்காது, அதுவும் மேலே வலை மூடி இருக்கும்போது. அறை குளிர்ந்தால் மேலிருந்து செராமிக் எமிட்டர் (வெளிச்சமின்றிச் சூடு மட்டும் தருவது) ஒன்று தேவைப்படும். அதற்குத் தனித் தெர்மோஸ்டாட், பல்ஸ் வகை (மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுப்பது) நல்லது. வெளிச்சம் தரும் பல்பு என்றால் டிம்மிங் வகை (மின்சாரத்தைச் சீராகக் கூட்டிக் குறைப்பது), இல்லாவிட்டால் விளக்கு அணைந்து அணைந்து எரியும். எதுவானாலும் வலைக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைப்பதானால் கம்பிக் கூடு போட்டே ஆக வேண்டும், போவா பல்பைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். இரவில் சிவப்பு, நீல விளக்கெல்லாம் தேவையில்லை, இருட்டே போதும். சூடாகும் செயற்கைப் பாறை என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

ஈரப்பதம் 55 முதல் 65 வேண்டும், சட்டை உரிக்கும் நாட்களில் 70-க்கு மேல். வலை மூடியில் முக்கால் பங்கை அக்ரிலிக் தகடால் மூடினாலே பத்துப் பதினைந்து புள்ளி ஏறும். எமிட்டர் வைக்கும் இடத்தை மட்டும் திறந்து விடுங்கள்.

கிளைமேல்:

தொட்டி பெரிதில்லை, வெறுமையாக இருக்கிறது. "குட்டியைச் சின்ன டப்பாவில்தான் வைக்க வேண்டும், பெரிய இடத்தில் பயப்படும்" என்று வழிவழியாகச் சொல்வார்கள். அது பயப்படுவது திறந்த வெளியைக் கண்டுதான். 90 செ.மீ. தொட்டியில் மறைவு நிறைய இருந்தால் குட்டி நிம்மதியாக இருக்கும்.

ஒளிவிடம் ஒன்று போதாது. ஒரே மாதிரி இரண்டு, ஒன்று சூட்டில், ஒன்று குளிர்ச்சியில். அப்போதுதான் "பாதுகாப்பா, சூடா" என்று ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அதற்கு வராது. உயரம் குறைவாக, சுருண்டு படுத்தால் முதுகு கூரையில் தட்டும்படி, பக்கங்கள் உடம்பில் உரசும்படி இருக்க வேண்டும். பெரிய மண்டபம் மாதிரி இருந்தால் அது ஒளிவிடமே இல்லை. தொட்டியின் மூன்று பக்கக் கண்ணாடியிலும் வெளியே காகிதம் ஒட்டுங்கள். பாம்பின் தடிமனுக்கு ஒன்றரை மடங்கு தடிமனுள்ள கிளை ஒன்றைச் சாய்வாக, ஆடாமல் கட்டுங்கள். குட்டி போவாக்கள் நன்றாக மரமேறும், பருத்த பிறகுதான் அதிகம் தரையில் தங்கும்.

ஈரப்பாசி சொல்ல மறந்தது (பெயரே அதுதான்!): செய்தித்தாளை இப்போதே மாற்றாதீர்கள். மலம், கக்கியது, உண்ணி எல்லாம் காகிதத்தில்தான் கண்ணில் படும். ஈரத்துக்கு மூடியுள்ள டப்பா ஒன்றில் பாம்பு தாராளமாக நுழையும் அளவு துளை போட்டு, ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, உள்ளே ஸ்பாக்னம் பாசி நிரப்புங்கள். பாசியை நனைத்துக் கைக்குள் அழுத்திப் பிழியுங்கள், இனி ஒரு சொட்டும் விழாது என்ற நிலையில் உள்ளே போடுங்கள். சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் வரும். மூன்று மாதம் கழித்து எல்லாம் சரியென்றால் தேங்காய் மட்டைச் சில்லுகள் 5 முதல் 7 செ.மீ. ஆழம் போடலாம். தேவதாரு, பைன் சீவல் வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் நுரையீரலுக்கு ஆகாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: இம்பரேட்டரில் ஆண் பெரும்பாலும் 150 முதல் 180 செ.மீ., பெண் 180 முதல் 240 வரை வளரும். 20, 25 வருடம் வாழும், 30-ஐத் தொடுவதும் உண்டு. கடைசியில் குறைந்தது 180×60×60 செ.மீ. கூண்டு வேண்டும், 240 செ.மீ. பெண்ணுக்கு இன்னும் பெரிது. முன்பக்கம் நகரும் கண்ணாடி, பூட்டோடு. பூட்டு அலங்காரத்துக்கு இல்லை. மூக்கால் முட்டி முட்டி ஒரு விரல் இடைவெளி கிடைத்தாலும் வெளியே வந்துவிடும். இப்போதுள்ள வலை மூடிக்கும் நான்கு கவ்வி போடுங்கள்.

சுருள்வால்:

எல்லோருக்கும் நன்றி. துப்பாக்கி வெப்பமானி வந்தது. ஒளிவிடத்துக்கு அடியில் தரை 43 டிகிரி! அதே நேரத்தில் முள் வெப்பமானி 29-லேயே நிற்கிறது. மேட்டை அணைத்துவிட்டேன், தெர்மோஸ்டாட் நாளை வருகிறது. அறை 28 டிகிரி இருப்பதால் இன்று இரவு சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். வயிற்றில் சிவப்போ கொப்புளமோ இல்லை.

டிஜிட்டல் ஈரப்பதமானி 46 காட்டுகிறது, மூடியை இனிமேல்தான் மறைக்க வேண்டும். இன்று காலை தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் மாதிரி மூன்று கருப்புப் புள்ளிகள். கண்ணும் லேசாக மங்கலாகத் தெரிகிறது. பழக்குவதை எப்போது மறுபடி தொடங்கலாம்? தீனி கொடுக்கும் முறையிலும் தவறு இருந்தால் சொல்லுங்கள், குழாய்ச் சூடுதண்ணீரில் போட்டு உருக்கித்தான் கொடுத்தேன்.

நாலாம் மடிப்பு:

28 டிகிரி அறையில் காலி வயிற்றோடு ஓர் இரவு ஒன்றும் ஆகாது. வயிற்றை மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள், சூட்டுப் புண் சில நாள் கழித்தும் தலைகாட்டும்.

புள்ளிகளை வெள்ளை டிஷ்யூவில் எடுத்து விரலால் நசுக்குங்கள். சிவப்பாகவோ பழுப்பாகவோ இழுவினால் அது இரத்தம் குடித்த உண்ணி. பொடியாகவே இருந்தால் அழுக்கு. உண்ணியென்றால் கண்ணைச் சுற்றிய செதில் விளிம்பிலும் தாடைக்கு அடியில் உள்ள நடு மடிப்பிலும் உட்கார்ந்திருக்கும், பாம்பும் நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும். பாம்பின் மேல் இருப்பதை மட்டும் ஒழித்தால் போதாது. பெண் உண்ணி இடுக்குகளில் போய்த்தான் முட்டையிடும், முட்டையிலிருந்து முதிர்ந்த உண்ணியாக இரண்டு மூன்று வாரம் போதும். ஆகவே காகிதம் தினமும் மாற்றி, மரச்சாமான்களை வெளியேற்றி, ஒளிவிடத்துக்குப் பதில் தூக்கி எறியக்கூடிய அட்டைப்பெட்டி வைத்து, ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். மருந்து எது, எத்தனை அளவு என்பது 92 கிராம் குட்டிக்கு மருத்துவர் சொல்லித்தான். நாய்க்கு வாங்கிய மருந்தைத் தெளித்துப் பாம்பைக் கொன்றவர்கள் ஏராளம்.

தீனி. கொடுக்கும் முந்தின இரவே உறைந்த எலியைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குங்கள். மறுநாள் மூடிய பையில் போட்டு 40 டிகிரி தண்ணீரில் கால் மணி நேரம். வெளியே எடுத்து வயிற்றை இரு விரலால் அழுத்துங்கள், உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் பனி இன்னும் கரையவில்லை, திரும்பப் போடுங்கள். வெளியே சூடாகவும் நடுவில் பனியாகவும் போன எலியும் கக்குவதற்கு ஒரு காரணம், உங்கள் முறையில் அது நடந்திருக்கலாம். கொதிநீர், மைக்ரோவேவ் இரண்டும் வேண்டாம், வயிறு வெடித்துவிடும். துடைத்துக் காயவைத்து, 30 செ.மீ. இடுக்கியால் முதுகுத் தோலைப் பிடித்து, தலை பாம்பை நோக்கி இருக்கும்படி காட்டுங்கள். மலைப்பாம்புக்கு உதட்டில் உள்ள வெப்பக் குழிகள் போவாவுக்கு இல்லை, ஆனாலும் வெப்பத்தை உணரும், அதனால் எலியின் தலைப்பக்கம் வெதுவெதுப்பாக இருப்பது உதவும். பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் ஒளிவிட வாசலில் வைத்து விளக்கை அணையுங்கள். காலையிலும் கிடந்தால் குப்பைக்கு, மறுபடி உறையவைக்கக் கூடாது. உயிர் எலி வேண்டாம். மூலையில் மாட்டிய எலி பாம்பின் கண்ணையே கடித்துவிடும்.

வேறு டப்பாவுக்கு மாற்றித்தான் தீனி போட வேண்டும், இல்லாவிட்டால் கூண்டில் கை விட்டாலே கடிக்கும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். தின்ற பாம்பைத் தூக்கி இடம் மாற்றுவதே கக்க வைக்கும். அதற்குப் பதில், எடுக்கும் முன் வளைந்த கம்பியால் முதுகில் மெல்ல ஒரு தட்டு. இது தீனி நேரமில்லை என்று ஒரு மாதத்தில் புரிந்துகொள்ளும்.

பழக்குவது மூன்று தீனி தொடர்ந்து தங்கிய பிறகு. அதன்பின் வாரம் இரண்டு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம், தின்று குறைந்தது 48 மணி நேரம் கழித்து. மேலிருந்து கை இறக்காமல் பக்கவாட்டில் கொண்டுபோய், நடு உடம்பை இரண்டு இடத்தில் தாங்குங்கள். கடித்துப் பிடித்தால் இழுக்கக் கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். மூக்கின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள், சுற்றியிருந்தால் வால் முனையிலிருந்து பிரியுங்கள். வளர்ந்தபின் கழுத்தில் போட்டுக்கொள்ளும் ஆசை வேண்டாம். போவாவின் இறுக்கம் மூச்சை அடைத்துக் கொல்வதில்லை, இரத்த ஓட்டத்தையே நிறுத்துகிறது என்று 2015-இல் எலிகளில் அளந்து காட்டியிருக்கிறார்கள். 180 செ.மீ.-க்கு மேல் போனால் எடுக்கும்போது பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வனவிடமிருந்து தொற்றும் சால்மோனெல்லா பாக்டீரியா விளையாட்டில்லை. கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

ஈரப்பாசி:

மேலே விட்டுப்போன ஒன்று. வீட்டில் வேறு போவா, மலைப்பாம்பு இருந்தால் இந்தக் குட்டியை ஆறு மாதம் தனி அறையில், தனி இடுக்கியோடு வையுங்கள். ரெப்டரினாவைரஸால் வரும் ஐபிடி (இன்க்ளூஷன் பாடி டிசீஸ்) நோயைப் போவா வெளியே தெரியாமல் பல வருடம் சுமக்கும். மலைப்பாம்புக்குத் தொற்றினால் அது வேகமாகப் போய்ச் சேரும். உண்ணி மூலமும் பரவும் என்ற சந்தேகம் இருக்கிறது. கக்குவது, எடை குறைவது, தலை கோணி மேலே பார்ப்பது, மல்லாத்தினால் புரள முடியாதது இவையெல்லாம் அறிகுறிகள். மருந்து கிடையாது, இரத்தப் பரிசோதனை மட்டும் உண்டு. உங்கள் குட்டி கக்கியதற்கு 43 டிகிரியும் 20 கிராமும் போதுமான காரணம் என்பதால் இப்போதே பயந்து ஓட வேண்டாம்.

அப்புறம் குட்டி தேறிய பிறகு அன்பு மிகுந்து அள்ளிப் போடாதீர்கள். ஒரு வயது வரை 10 முதல் 14 நாளுக்கு ஒன்று, இரண்டு வயது வரை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று, முழு வளர்ச்சிக்குப் பின் 4 முதல் 6 வாரத்துக்கு ஒன்று, அதுவும் எடையில் 5 விழுக்காட்டுக்குள். வளர்ப்பு போவாக்கள் பட்டினியால் சாவதைவிடக் கொழுப்பேறிய கல்லீரலால் சாவதுதான் அதிகம் பார்க்கிறோம். சுருண்டிருக்கும்போது செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தாலோ வால் தொடங்கும் இடத்தில் மடிப்பு விழுந்தாலோ இடைவெளியைக் கூட்டுங்கள்.

சுருள்வால்:

டிஷ்யூவில் நசுக்கினேன், கருப்புப் பொடிதான், இரத்தம் இல்லை. செய்தித்தாள் மையாக இருக்கலாம். தெர்மோஸ்டாட் பொருத்தி உள்தரை 32-இல் நிற்கிறது. கண் இப்போது பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிட்டது, சட்டை உரிக்கப் போகிறது போலும். கணக்குப்படி இன்னும் 8 நாளில் 14-ஆம் நாள் வருகிறது. அன்றைக்குச் சட்டை உரிக்காமல் இருந்தால் தீனி கொடுக்கலாமா?

கிளைமேல்:

வேண்டாம். கண் நாலைந்து நாளில் தெளிந்துவிடும், அதைப் பார்த்துவிட்டு "முடிந்துவிட்டது" என்று நினைக்காதீர்கள், சட்டை அதற்குப் பிறகு சில நாள் கழித்துத்தான் கழலும். வேறு பாம்பென்றால் நடுவில் கொடுத்துப் பார்க்கலாம், ஏற்கெனவே கக்கிய குட்டிக்கு வேண்டாம். பாசி டப்பாவைச் சூடான பக்கத்தில் வையுங்கள், ஈரம் 70-க்கு ஏறட்டும். உரித்த சட்டையைத் தண்ணீரில் நனைத்து விரித்து, தலைப்பகுதியில் இரண்டு கண் மூடியும் (கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதில்) வந்திருக்கிறதா, வால் நுனி முழுசாக இருக்கிறதா பாருங்கள். கண் மூடி தங்கிவிட்டால் நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்க முயலாதீர்கள். ஈரமான துணி விரித்த டப்பாவில் 28 டிகிரியில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்த உரிப்பில் வந்துவிடும், அப்போதும் வரவில்லையென்றால் மருத்துவர். எல்லாம் சுத்தமாக வந்திருந்தால் இரண்டு நாள் விட்டு அந்த 5 கிராம் குஞ்சைக் கொடுங்கள்.